கண்ணாடிக்கு இப்பால் நிற்பவர்

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து மூத்த அன்பர் ஒருவர் என்னை ஓரமாக அழைத்தார். "தம்பி, வாரத்தில் ஆறு நாள் ரயில்வேக்கு உழைக்கிறீர். ஏழாவது நாளும் வீட்டில் இராமல், ஊரார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மீனையும் நண்டையும் காட்டப் போய்விடுகிறீராம். உமக்கு அதில் என்ன கிடைக்கிறது?" என்று கேட்டார். பந்திக்கு இலை போட்டாயிற்று என்று குரல் வரவே, அன்று அவருக்கு விடை சொல்ல இயலவில்லை. பக்கத்தில் நின்ற நம் இதழாசிரியர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலும். "அந்த விடையை எழுதித் தந்துவிடுங்கள், எல்லோரும் படிக்கட்டும்" என்றார். ஆகவே இக்கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுவது நல்லது. நான் மீன்களைப் பற்றிய கல்வி ஏதும் பெற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறியதோடு என் படிப்பு நின்றது. ரயில்வே பார்சல் அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. என் தந்தையாரின் ஊர் திருநெல்வேலிச் சீமையில், பனைமரமும் செம்மண்ணும் தவிர வேறொன்றும் கண்ணில் படாத ஊர். மும்பையில் பிறந்து வளர்ந்தும், கடல் என்பது எனக்கு நெடுங்காலம் மாலையில் காற்று வாங்கும் இடமாகவே இருந்தது. மீனை இரண்டு உருவங்களில் அறிவேன்: வீட்டில் குழம்பு, அலுவலகத்தில் எடை. பனிக்கட்டி நிரப்பிய பெட்டி வரும், தராசில் ஏறும், சீட்டு எழுதுவேன், பெட்டியிலிருந்து ஒழுகும் நீரால் நடைமேடை வழுக்காதிருக்க மணல் தூவச் சொல்வேன். அவ்வளவுதான்.

2014ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், வழக்கமான மீன் பெட்டிகளோடு வேறு வகைப் பெட்டி ஒன்று வந்தது. வெண்ணிறத் தெர்மோகோல் பெட்டி. மேலே 'உயிருள்ள மீன்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. நான் அதைப் படிக்காமலில்லை, படித்தேன். "தண்ணீரில்தானே இருக்கின்றன, அவற்றுக்கென்ன குறை" என்று எண்ணி, மற்ற மூட்டைகளோடு மூட்டையாக நடைமேடை ஓரத்தில் வைக்கச் சொன்னேன். காலையில் நிழலாயிருந்த இடம் பகல் ஒரு மணிக்கு வெயிலாயிற்று. பெட்டிக்கு உரிய இளைஞர் வேறு வேலையில் சிக்கி மாலை ஐந்து மணிக்குத்தான் வந்தார். மூடியைத் திறந்தார். உள்ளே இருந்த பிளாஸ்டிக் பைகளில் பொன்னிற மீன்கள் வயிற்றை மேலே காட்டி மிதந்தன. ஏழு பைகளில் ஒன்றில் மட்டும் அசைவு இருந்தது.

அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் கோபிக்கவே இல்லை. புத்தகத்தில் கையெழுத்திடுமுன் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் பொறுமையாகச் சொன்னார். பையில் மூன்றில் ஒரு பங்குதான் தண்ணீர். மீதி இடமெல்லாம் ஆக்சிஜன் வாயு. பயணத்துக்கு ஒரு நாள் முன்பே மீனுக்குத் தீனியை நிறுத்திவிடுவார்கள். ஏனெனில் தின்ற மீன் கழிக்கும், கழித்தது அந்தச் சிறு நீரிலேயே அம்மோனியாவாகத் தங்கும், அதுவே அதற்கு நஞ்சு. நீர் சூடேறச் சூடேற அதில் தங்கக்கூடிய ஆக்சிஜன் குறையும். மீனுக்கோ சூட்டில் மூச்சு அதிகம் வேண்டும். "நிழலில் வைத்திருந்தால் இன்னும் பல மணி நேரம் தாங்கியிருக்கும்" என்றார். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. மீன் குழம்புதான் வைத்திருந்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை.

மறு ஆண்டு மார்ச்சில், சீர்திருத்தப் பணிகள் முடிந்து தாராபோர்வாலா மீன் காட்சிசாலை மீண்டும் திறக்கப்பட்டது. மரைன் டிரைவில், சர்னி ரோடு நிலையத்தில் இறங்கினால் சில நிமிட நடையில் அடையும் கட்டடம். நம்மவருள் நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு அதை அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஊரிலிருந்து உறவினர் வந்தால் காட்டும் இடங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. 1951ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் அவர்கள் திறந்துவைத்தது. ஆன செலவு 8 லட்சம் ரூபாய். அதில் 2 லட்சம் கொடுத்த பார்சி வள்ளலின் பெயரைத் தாங்கியது. 2015இல் திறந்தபோது புதிதாக 12 அடி நீளத்தில் ஒரு கண்ணாடிக் குகை அமைத்திருந்தார்கள். தலைக்கு மேலும் இரு பக்கமும் மீன்கள் நீந்த, நாம் நடுவே நடக்கலாம்.

இந்தியாவிலேயே பழைய மீன் காட்சிசாலை இதுதான் என்று பலர் எழுதக் காண்கிறோம். இங்கே சென்னைக்காக ஒரு சொல் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னைக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே ஒரு மீன் காட்சிசாலை திறக்கப்பட்டுவிட்டது. அதை அமைத்தவர் எட்கர் தர்ஸ்டன், எழும்பூர் அருங்காட்சியகத்தின் தலைவர். அந்நாளைய சென்னை மக்கள் அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் மிருகக்காட்சி சாலையை 'உயிர் காலேஜ்' என்றும் சொல்வது வழக்கம். செத்த காலேஜின் தலைவர்தான் கடலோரத்தில் உயிருள்ள மீன்களுக்கு வீடு கட்டினார் என்பது வேடிக்கை. உலகப் போர்க் காலத்தில், 1942இல், அதை மூடினார்கள், மூடியது மூடியதுதான். ஆகவே பம்பாயின் பெருமை நீண்ட நாள் நிலைத்திருந்த பெருமை; முந்திய பெருமை சென்னையுடையது.

திறந்த அந்த ஆண்டில் மனைவியோடும் மூன்று வயது மகளோடும் போனேன். மக்கள் வெள்ளம். ஒவ்வொரு தொட்டியின் முன்பும் ஒரு கணம் நிற்பார்கள், கைப்பேசியில் படம், விரலால் கண்ணாடியில் 'டொக் டொக்', அடுத்த தொட்டி. எனக்கு முன்னால் நின்ற ஒரு தந்தை, அசையாதிருந்த மீன் ஒன்றை எழுப்புவதற்காக மோதிர விரலால் ஓங்கித் தட்டினார். எனக்கு அந்த ஏழு பைகள் நினைவுக்கு வந்தன. ஏதோ துணிவில், "ஐயா, தட்டாதீர்கள்" என்று இந்தியில் சொன்னேன். "நீ யார், இங்கே வேலை செய்பவனா?" என்றார். இல்லை என்றேன். அத்துடன் பேச்சு முடிந்தது. ஆனால் அவர் தட்டுவதும் நின்றது.

தொண்டு என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அது எனக்கு அங்கேதான் தொடங்கிற்று. அந்தக் காட்சிசாலையில் எங்களுக்கு எந்தப் பதவியும் இல்லை. சட்டையில் குத்திக்கொள்ள ஒரு சின்னமும் இல்லை. நானும், வங்கியில் பணிபுரியும் நண்பர் ஒருவரும், செவிலியர் ஒருவரும், ஒரு கல்லூரி மாணவரும் ஆக நால்வர். 2016 ஜூன் முதல், மாதத்தில் ஒரு ஞாயிறு, மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர்ப் பகுதிகளிலிருந்து நம் சங்கத்துக் குழந்தைகளைச் சேர்த்துக்கொண்டு, எல்லோரையும் போல நுழைவுச் சீட்டு வாங்கி உள்ளே போவோம். தொட்டிகளின் முன் நின்று தமிழில் சொல்வோம்.

முதல் முறை பெருந்தோல்வி. 22 பிள்ளைகளும் காட்சிசாலை முழுவதையும் 11 நிமிடத்தில் பார்த்து முடித்துவிட்டு, "மாமா, அடுத்து சௌபாட்டியா?" என்றார்கள். வண்டிகளின் வருகை புறப்பாட்டைக் குறித்துப் பழகியவனாதலால் நேரம் தப்பாமல் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டாம் மாதம் வழியை மாற்றினோம். இருவருக்கு ஒரு தொட்டி. பிறருக்கு மறைக்காமல் ஓரமாக நின்று, பத்து நிமிடம் அந்த ஒரே தொட்டியைப் பார்க்க வேண்டும்; கண்டதைத் தாளில் எழுத வேண்டும். முதல் மூன்று நிமிடம் முனகல். நான்காம் நிமிடத்தில், "மாமா, இந்த மீன் கண்ணை மூடவே இல்லை" என்றான் ஒருவன். கண் இமை இல்லை என்பதை அவனாகவே கண்டுபிடித்தான். மற்றொருத்தி, ஒரு மீன் எப்போதும் ஒரே கல்லைச் சுற்றிப் பிற மீன்களை விரட்டுகிறது என்று எழுதியிருந்தாள். "இது அவங்க வீட்டு வாசல்" என்று அடியில் குறிப்பு.

கோமாளி மீன் தொட்டியின் முன்தான் எப்போதும் தள்ளுமுள்ளு. 2003இல் வந்த ஒரு படத்தால் உலகத்துக் குழந்தைகள் எல்லோருக்கும் அது தெரிந்த மீன். அதைப்பற்றி நான் படித்துச் சொன்ன செய்தியைப் பிள்ளைகள் நம்ப மறுத்தார்கள். அந்த மீன்கள் பிறக்கும்போது எல்லாம் ஆணே. கடற்சாமந்தி ஒன்றில் வாழும் கூட்டத்தில் உருவில் பெரியது எதுவோ அதுவே பெண். அதற்கு அடுத்தது அதன் துணைவன். பெண் இறந்துபோனால் துணைவனே பெண்ணாக மாறிவிடும்; சிறியவற்றுள் பெரியது புதிய துணைவனாகும். "அப்படியானால் படத்தில் அம்மா செத்ததும் அப்பாவே அம்மாவாகியிருக்க வேண்டுமே?" என்று ஒரு சிறுமி கேட்டாள். ஆம் என்றேன். அன்று வீடு திரும்பும் வண்டியில் வேறு பேச்சே இல்லை. எதிர் இருக்கையில் இருந்த பெரியவர் ஒருவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பிள்ளைகளுக்கு மீன் பெயர்கள் தெரியாமலில்லை. சுர்மை, பாப்லேட், பாங்டா என்று கடைகளில் கேட்ட மராத்திப் பெயர்கள் தெரியும். பள்ளியில் படித்த ஆங்கிலப் பெயர்கள் தெரியும். வஞ்சிரம், வவ்வால் என்னும் சொற்கள் பலருக்குப் புதியன. வெட்கத்தோடு சொல்கிறேன்: வஞ்சிரத்தைத் தாண்டினால் எனக்கும் அப்படித்தான்.

அந்த நிலையில்தான் ஆச்சி வந்தார்கள். நம் உறுப்பினர் ஒருவரின் தாயார். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரையூர். மகனோடு இருப்பதற்காக வந்தவர். சங்க விழாக்களில் பின்வரிசையில், தூணை ஒட்டி அமர்ந்து, யாராவது ஊரைக் கேட்டால் தூத்துக்குடி என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். கடலில் தொழில் செய்த குடும்பம் என்பதை இந்த ஊரில் சொல்ல வேண்டாம் என்று யாரோ அவர்களுக்கு அறிவுறுத்தியிருக்க வேண்டும். அப்படி அறிவுறுத்தியவர் நம்முள் ஒருவராக இருந்தால் அது நமக்குப் பெருமை தருவதன்று. பேத்தியை அழைத்துவர ஆளில்லாமல் அந்த ஞாயிறு அவர்களே வந்திருந்தார்கள்.

பாறை இடுக்கிலிருந்து தலையை நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடும், பாம்பு போன்ற மீனின் தொட்டி முன் நான் நின்று, "பாருங்கள், நம்மைக் கண்டு அதற்குக் கோபம், கடிக்க வருவதுபோல் பல்லைக் காட்டுகிறது" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எங்கும் படித்ததில்லை, பார்த்தால் அப்படித் தோன்றியது, சொல்லிவிட்டேன். சென்ற இரண்டு மாதங்களிலும் இதையே சொல்லியிருந்தேன். பின்னாலிருந்து மெல்லிய குரல் வந்தது.

"கோவமில்ல தம்பி. அது அஞ்சாலை. மூச்சு வாங்குது."

நான் திரும்பினேன். ஆச்சி சற்றுத் தயங்கி, பிறகு கண்ணாடியருகே வந்தார்கள். "மத்த மீனுக்குச் செவுள் மூடி அகலமா இருக்கும், பாத்தியளா? இதுக்குச் சின்ன ஓட்டைதான். வாயத் தொறந்து மூடுனாத்தான் தண்ணி உள்ள போயி வெளிய வரும். செத்தாத்தான் வாய மூடும்" என்றார்கள்.

அன்று மாலை நூல்களைப் புரட்டிப் பார்த்தேன். ஆச்சி சொன்னதே சரி. அம்மீனின் செவுள் திறப்பு சிறு வட்டத் துளை. ஓயாமல் வாயை அசைத்துத்தான் நீரைச் செவுள்களின் வழியே செலுத்துகிறது. ஐம்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் தலையில், மூச்சு விடுவதைக் கோபம் என்று நான் ஏற்றி அனுப்பியிருந்தேன். அவர்களுள் ஒருவன் பள்ளிக் கட்டுரையில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டான் என்று அவன் தாயார் மகிழ்ச்சியோடு என்னிடமே காட்டினார். அடுத்த மாதம், முன்னே வந்த பிள்ளைகள் அனைவரையும் திரும்ப வரவழைத்து, அந்தத் தொட்டியின் முன்னேயே, நான் சொன்னது தவறு என்று சொன்னேன். சொல்லி முடிக்க நாக்கு ஒத்துழைக்கவில்லை. பிள்ளைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவன் மட்டும், "அப்போ கிளியோட்டு நட்சத்திர மீனைப் பத்திச் சொன்னதாவது நெசமா?" என்றான். நியாயமான கேள்வி. அன்று முதல் ஒரு குறிப்பேடு வைத்தேன். 'தெரியாது' என்று அதற்குப் பெயர். விடை தெரியாத கேள்வி அதில் ஏறும். அடுத்த மாதத்துக்குள் பார்த்து வந்து சொல்ல வேண்டும்.

ஆச்சி அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை. களவா, கிளாத்தி, பேத்தை, திருக்கை என்று அவர்கள் பெயர் சொல்லிக்கொண்டே நடக்க, பிள்ளைகள் தாளில் எழுதிக்கொண்டே பின்தொடர்வார்கள். பேத்தை ஆபத்து வந்தால் நீரைக் குடித்துப் பந்துபோல் உப்பிவிடும் என்பதை வாயில் காற்றடைத்து நடித்தே காட்டுவார்கள். அவ்வாண்டு பொங்கல் விழாவில் அவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அழைத்து உட்கார்த்தவில்லை. பிள்ளைகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

திருக்கைத் தொட்டியின் முன் மும்பைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. 2013ஆம் ஆண்டு விநாயகர் சிலைகளைக் கரைக்கக் கிர்காவ் சௌபாட்டியில் இறங்கியவர்களில் பலரைத் திருக்கை குத்திவிட்டது நினைவிருக்கலாம். திருக்கை யாரையும் தேடி வந்து குத்துவதில்லை. ஆழமில்லாத இடத்தில் மணலுக்குள் புதைந்து கிடக்கும். மிதித்தால் வாலை வீசும். வாலில் நஞ்சுள்ள முள். காலைத் தூக்கி வைக்காமல் மணலில் தேய்த்துக்கொண்டே நடந்தால் அதிர்வை உணர்ந்து அதுவே விலகிப் போய்விடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடுள்ள வெந்நீரில் காலை வைத்திருந்தால் வலி தணியும். அந்த நஞ்சு சூட்டில் கெடும் தன்மையது. பிறகு தாமதியாமல் மருத்துவரிடம் போக வேண்டும். எங்கள் செவிலியர் சகோதரி இதை ஒவ்வொரு முறையும் சொல்வார்; கேட்டுக்கொண்டிருக்கும் பிறரும் நின்று கேட்பார்கள்.

கண்ணாடியைத் தட்டுவதற்கும் விளக்கம் தேடி வைத்தோம். 'தட்டாதே' என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? காற்றில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். நீரிலோ 1,500 மீட்டர், நான்கு மடங்குக்கும் மேல். மீனின் விலாப்புறம் நெடுகிலும் நீரின் அசைவை உணரும் கோடு ஒன்று ஓடுகிறது. ஒரு பிள்ளையின் தலையில் வெற்று டப்பாவைக் கவிழ்த்து வெளியே மற்றொருவன் விரலால் தட்டினால் போதும்; பாடம் முடிந்தது. வங்கி நண்பரின் யுக்தி இது. டப்பாவைச் சுமந்து வருவதும் அவரே.

என் தவறுக்குப் பின், பிற இடங்களில் இத்தொண்டை எவ்வாறு நடத்துகிறார்கள் என்று அறிய ஆவல் பிறந்தது. நம் உறுப்பினர் ஒருவரின் மகள் குடும்பத்தோடு அமெரிக்காவில் கலிபோர்னியாவில் இருப்பதால், அங்குள்ள மாண்டரே விரிகுடா மீன் காட்சிசாலையைப் பற்றிய வெளியீடுகளை அனுப்பி உதவினார். மத்தி மீனை டின்களில் அடைத்து விற்ற ஊர் மாண்டரே. ஸ்டைன்பெக் என்னும் எழுத்தாளர் 1945இல் அந்தத் தெருவை வைத்தே ஒரு நாவல் எழுதினார். அளவின்றிப் பிடித்ததாலும் கடலின் மாறுதலாலும் மத்தி அருகிப்போக, ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின; கடைசி ஆலை 1973இல் நின்றது. அந்த ஆலை இருந்த இடத்தில்தான் 1984 அக்டோபர் 20ஆம் நாள் மீன் காட்சிசாலை திறக்கப்பட்டது. டேவிட் பக்கார்டும் அவர் துணைவியார் லூசிலும் 5.5 கோடி டாலர் கொடுத்தார்கள். 28 அடி உயரத் தொட்டி ஒன்றில் கடற்பாசிக் காடே வளர்கிறது. பகலில் பார்வையாளருக்காகக் கடல்நீரை வடிகட்டி விடுவார்கள். இரவில் வடிகட்டாமல் அப்படியே விடுவார்கள். ஏன் என்றால், அந்நீரில் மிதந்து வரும் நுண்ணுயிர்களே தொட்டியில் ஒட்டி வாழும் உயிர்களுக்கு உணவு. பார்ப்பவனுக்குத் தெளிந்த நீர் வேண்டும், வாழ்பவனுக்குக் கலங்கிய நீர் வேண்டும். இரண்டையும் பகல் இரவாகப் பங்கிட்டுக் கொடுத்த அந்த ஏற்பாடு என்னை மிகவும் கவர்ந்தது.

அங்கே திறந்த நாளிலிருந்தே நூற்றுக்கணக்கான தொண்டர்கள். சம்பளமில்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர், கடைக்காரர், மாணவர் எனப் பலதரத்தார். பயிற்சி பெற்ற பின்னரே மக்கள் முன் நிற்கலாம். சிலர் மூழ்குடை அணிந்து தொட்டிக்குள்ளேயே இறங்கிக் கண்ணாடியைத் துடைப்பார்கள். மீனுக்கு உணவூட்டிக்கொண்டே முகமூடிக்குள் இருக்கும் ஒலிவாங்கி வழியாக வெளியே நிற்பவர்களின் கேள்விகளுக்கு விடையும் சொல்வார்கள். அதைப் படித்தபோது பொறாமையே உண்டாயிற்று. எங்களுக்குப் பயிற்சி அளித்தவர் ஆச்சி ஒருவரே; அவர்களும் கண்ணாடிக்கு இப்பால்தான் நின்றார்கள்.

தொண்டர்கள் ஓயாமல் சொல்ல வேண்டியிருப்பது காசைப் பற்றி. திறந்த தொட்டியைக் கண்டால் காசு போடுவது உலக வழக்கம். நமக்கோ கோயில் குளத்திலிருந்து வந்த பழக்கம். ரயில் ஆற்றுப் பாலத்தைக் கடக்கும்போது சன்னல் வழியே காசு விழும் ஓசையைக் கேட்டு வளர்ந்தவன் நான். தாய்லாந்தில் ஒரு பொதுக் குளத்தில் வளர்ந்த பச்சை ஆமை ஒன்று, ஆயுள் பெருகும் என்று நம்பி மக்கள் எறிந்த காசுகளை விழுங்கிக்கொண்டே இருந்தது. உண்டியல் என்று பொருள்படும் 'ஓம்சின்' என்னும் பெயரையே அதற்கு இட்டார்கள். 2017 மார்ச்சில் அறுத்து எடுத்தபோது வயிற்றில் 915 காசுகள். எடை சுமார் 5 கிலோ. அந்த மாதமே ஆமை இறந்தது. பிள்ளைகளிடம் இந்த எண்ணைச் சொல்வதற்கு முன், அதே எடையுள்ள அரிசிப் பையை முதுகில் சுமக்கச் சொல்வோம்.

2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்தது. காட்சிசாலையின் கதவு மூடிற்று. கட்டடம் பழுதடைந்துவிட்டது என்றும், இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்கள் என்றும் பின்னர்ச் செய்திகள் வந்தன. ஆச்சி அந்த ஆண்டின் இறுதியில் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். எங்கள் மாணவர் வேலை கிடைத்துப் புனே சென்றார். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். 'தெரியாது' குறிப்பேடு அலமாரியில் கிடந்தது. சர்னி ரோடு வழியே வண்டி போகும்போதெல்லாம் என் மகள் எதுவும் கேட்காமல் அந்தப் பக்கம் பார்ப்பாள்.

ஒரு நாள் கேட்டுவிட்டாள். "அந்த மீனெல்லாம் எங்கிருந்து வந்ததோ அங்கே போய்ப் பார்க்க முடியாதா, அப்பா?"

நான் சிரித்தேன். அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை என்பது பின்னர் விளங்கியது. 2017 முதல் இந்நகரில் 'மரைன் லைஃப் ஆஃப் மும்பை' என்னும் பெயரில் சிலர் தொண்டாக, கடல் வற்றும் வேளையில் மக்களைப் பாறைக் கரைகளுக்கு அழைத்துச் சென்று உயிர்களைக் காட்டி வருகிறார்கள் என்பதைப் பள்ளித் தோழி வாயிலாக அவள் அறிந்திருந்தாள். இருவரும் போனோம். சங்கத்துப் பிள்ளைகளின் ஞாயிறு மீண்டும் தொடங்கியது அப்படித்தான்.

கடலுக்கும் ஒரு கால அட்டவணை உண்டு. நம் வண்டிகளைவிட ஒழுங்கானது. ஏற்றமும் வற்றமும் நாளுக்கு இருமுறை. ஒவ்வொரு நாளும் முந்திய நாளைவிட ஏறத்தாழ 50 நிமிடம் தாமதம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நீர் மிகவும் உள்வாங்கும். இங்கே அந்நாட்களில் வற்றம் காலை ஆறு ஏழு மணியளவிலும் மாலையில் அதே அளவிலும் வருவதால், வேலைக்குப் போகும் நமக்கு வசதி. நீர் விலகிய பாறைகளில், பச்சைப் பொத்தான்களை நெருக்கித் தைத்த கம்பளம் போல் ஒன்று விரிந்திருக்கும். பாசி என்று மிதித்துவிடுவோம். ஒவ்வொரு பொத்தானும் பவளத்துக்கு உறவான ஓர் உயிர். சிலவற்றில் கொடிய நஞ்சும் உண்டு; ஆகவே கை வைக்கலாகாது. வெற்றுச் சங்கில் குடியிருக்கும் துறவி நண்டு, பாறைக் குழியில் கடற்சாமந்தி, அதிர்ஷ்டம் இருந்தால் நிறம் மாற்றிக்கொண்டு நழுவும் பேய்க்கணவாய். குளிர்பான மூடி ஒன்றை வீடாகச் சுமந்து நடந்த துறவி நண்டை ஒரு காலையில் கண்டோம். அன்றோடு பிள்ளைகள் சங்கு பொறுக்கி வீட்டுக்குக் கொண்டுபோவதை விட்டார்கள். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இங்கே கண்ணாடி இல்லை. தட்டாதே என்று சொல்ல வேண்டியதில்லை. புரட்டிய கல்லை இருந்தபடியே திரும்ப வை என்று சொல்ல வேண்டும். கல்லின் அடியில் நிழலிலும் ஈரத்திலும் இருப்பவற்றுக்கு வெயில் என்ன செய்யும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். இந்த ஒன்றில் மட்டும் நான் சற்றுக் கடுமையானவன் என்று பிள்ளைகளிடம் பெயர்.

ஆச்சிக்கு இப்போது கண் சரியில்லை. ஆனாலும் நாங்கள் எடுக்கும் படங்களைக் கைப்பேசியில் அனுப்புகிறோம். பேரன் பெரிதாக்கிக் காட்ட, பெயரைக் குரலில் பதிந்து அனுப்புகிறார்கள். பின்னணியில் அலையோசை கேட்கும். சென்ற மாதம் ஹாஜி அலிப் பாறையில் விரல் நீளத்தில், ஆரஞ்சு நிறப் புள்ளிகளோடு, நத்தையின் உடல் போன்ற ஒன்றைக் கண்டு அனுப்பினோம். ஒரு நாள் முழுதும் பதில் இல்லை. மறுநாள் வந்தது: "இது எங்க கடல்ல நான் பாக்கல தம்பி. அந்தக் கரையில வலைக்குப் போற பொம்பளையாளுவ இருப்பாவல்ல, அவுககிட்டக் கேளு."

குறிப்பேட்டில் அந்தக் கேள்விக்கு எதிரே இடம் இன்னும் வெறுமையாக இருக்கிறது. வருகிற அமாவாசையை அடுத்த ஞாயிறு காலை ஆறரைக்குப் போகிறோம். வழியில் வர்லியில் இறங்கி, மராத்தி நன்றாகப் பேசும் என் மகள் கோளிப் பெண்களிடம் கேட்பதாக ஏற்பாடு. வர விரும்பும் குழந்தைகள் வெள்ளிக்கிழமைக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுக்கட்டும். பின்பக்கம் வாருள்ள, பாறையில் வழுக்காத செருப்பு அவசியம். டப்பா நாங்கள் கொண்டுவருகிறோம். அது இப்போது இட்லி வைக்கப் பயன்படுகிறது.